ஆர்க்கிடெக்ட்ஸின் புதிய ஆல்பமும் மெட்டல்கோரின் தேக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு இது?

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரைச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற மெட்டல்கோர் குழுவின் 'தி ஸ்கை, தி எர்த் அண்ட் ஆல் பிட்வீன்'. 2025 பிப்ரவரி 28 அன்று எபிடாஃப் நிறுவனம் வெளியிட்டது. குழுவின் 11-வது ஆல்பம், 12 பாடல்கள். பாடுபவர் சாம் கார்ட்டர், டிரம்ஸ் டான் சேர்ல், பேஸ் அலி டீன், கிதார் ஆடம் கிறிஸ்டியன்சன். தயாரிப்பாளராக வந்தவர் ஜோர்டன் ஃபிஷ். 2023 டிசம்பர் வரை இன்னொரு பிரிட்டிஷ் குழுவான பிரிங் மீ தி ஹொரைசனில் கீபோர்டு வாசித்தவர். இவர் பெயர் கீழேயும் வரும்.

ஆல்பம் வந்ததிலிருந்து இரண்டு விதமான பேச்சு என் காதில் விழுகிறது. மெட்டல் கேட்கும் நண்பர்கள் 'பழைய ஆர்க்கிடெக்ட்ஸ் திரும்பி வந்துட்டாங்களா?' என்று கேட்கிறார்கள். மெட்டல் கேட்காத நண்பர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாலு பாட்டு கேட்டுவிட்டு, 'எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கே' என்கிறார்கள். இரண்டாமவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று எனக்குப் பட ஆரம்பித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெட்டல்கோர் கேட்டதே இல்லை. ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

ஹார்ட்கோர் பங்க்கின் கோபமும் மெட்டலின் கிதார் வேலையும் கலந்த இசை. 1990-களில் அமெரிக்காவில் இன்டெக்ரிட்டி, எர்த் கிரைசிஸ், கன்வெர்ஜ், பாட்ச் போன்ற குழுக்கள் இதற்கு ஓர் உருவம் கொடுத்தன. அப்போது இதில் இனிமைக்கு இடம் குறைவு. 2002-ல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த கில்ஸ்விட்ச் என்கேஜ் 'அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து மெட்டல் குழுக்களிடமிருந்து, முக்கியமாக அட் தி கேட்ஸ் 1995-ல் வெளியிட்ட 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' போன்ற ஆல்பங்களிலிருந்து, மெட்டோடு ஓடும் கிதார் வரிகள் வந்து சேர்ந்தன. சரணத்தில் கத்தல், பல்லவியில் தெளிவான பாட்டு என்ற ஏற்பாடு பரவியது. அந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடம் தாண்டியும் அது இடம்பெயரவில்லை.

பிரேக்டவுன் என்கிறார்களே, அது என்ன?

பாட்டின் ஓட்டம் திடீரென்று பாதியாகக் குறைந்து, கிதாரும் பேஸ் டிரம்மும் சேர்ந்து ஒரே அடியாக விழும் இடம். மேடைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் முட்டி மோதி ஆடுவது இந்த இடத்துக்காகத்தான்.

நல்ல பிரேக்டவுனில் ஒரு கணக்கு இருக்கும். கிதார் ஐந்து ஐந்தாகவோ ஏழு ஏழாகவோ எண்ணிக்கொண்டு போகும். டிரம்ஸ் நாலை விடாது. இரண்டும் விலகி விலகிப் போய், கடைசியில் ஒரே அடியில் வந்து சேரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கணக்கு வைத்துச் சமத்தில் வந்து இறங்கும்போது சபையே தலையாட்டுமே, அதே சந்தோஷம்தான் இது. ஸ்வீடனின் மெஷுகா இந்தக் கணக்கை மெட்டலுக்குள் ஆழமாகக் கொண்டுபோன குழு. அங்கிருந்து அது மெட்டல்கோருக்கு இறங்கியது.

ஆர்க்கிடெக்ட்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வேறு குழுவே இல்லையா?

இருக்கின்றன. ஆனால் கடந்த பத்து வருட மெட்டல்கோர் கிதாரை யார் வாசித்தாலும் அதில் ஒருவருடைய கை தெரிகிறது. அந்தக் கை டாம் சேர்லுடையது. டிரம்ஸ் வாசிக்கும் டானின் இரட்டைச் சகோதரர், குழுவின் முக்கியமான பாடலாசிரியர்.

2006-ல் முதல் ஆல்பம், 2009-ல் 'ஹாலோ கிரவுன்' என்று சிக்கலான கணக்கு நிறைந்த இசையோடு வளர்ந்த குழு இது. 2011-ல் 'தி ஹியர் அண்ட் நவ்' ஆல்பத்தில் மென்மையான பக்கம் போய்ப் பார்த்தார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. 2012-ல் 'டேபிரேக்கர்' வந்தது. 2014-ல் வந்த 'லாஸ்ட் ஃபாரெவர், லாஸ்ட் டுகெதர்' ஆல்பத்தில்தான் எல்லாம் கூடி வந்தது. அதைப் பதிவு செய்த இடம் கோதன்பர்க்கில் இருக்கும் ஸ்டுடியோ ஃப்ரெட்மேன். முன்பு சொன்ன 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' பிறந்ததும் அதே ஸ்டுடியோவில்தான், அதே ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம் கையில்தான். மெட்டல்கோர் எந்தக் கிணற்றில் நீர் இறைத்ததோ, அதே கிணற்றடிக்கே போய் டாம் புதிதாக ஒன்றைச் செய்தார்.

அவர் வாசிப்பில் அப்படி என்ன இருந்தது?

மௌனம் இருந்தது. கீழே மிகவும் தாழ்த்திச் சுருதி வைத்த தடித்த கம்பி விட்டு விட்டு இடிக்கும். இடிக்கு நடுவே துல்லியமாக வெட்டிய நிசப்தம். அந்த நிசப்தத்தில் மேலே இருந்து அபஸ்வரமாக ஒரு கீறல் விழும். பின்னால் தூரத்தில் ஒரு மெட்டு மிதந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு எந்தக் குழுவின் பாட்டிலும் இவையெல்லாம் கேட்கும். 2014-ல் இப்படிக் கோத்துக் கேட்டபோது எனக்கு மூச்சு நின்ற மாதிரி இருந்தது.

இன்னொன்றும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. 'கிரேவ்டிக்கர்', 'நேசேயர்', 2016-ல் வந்த 'எ மேட்ச் மேட் இன் ஹெவன்' பாடல்களின் பல்லவியைக் கேளுங்கள். சாம் கார்ட்டர் கத்துகிறார், ஆனால் சுருதியோடு கத்துகிறார். சரணத்தில் கத்தல், பல்லவியில் பாட்டு என்ற பழைய பங்கீடு அங்கே இல்லை. ஒரே தொண்டையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கில்ஸ்விட்ச் போட்டுக் கொடுத்த ஏற்பாட்டிலிருந்து வெளியே போக உண்மையாகவே ஒரு கதவு அப்போது திறந்தது.

டாமுக்கு என்ன ஆயிற்று?

தோல் புற்றுநோய். மூன்று வருடம் போராடி, 2016 ஆகஸ்ட் 20 அன்று தன் 28-வது வயதில் இறந்தார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் 'ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டன்ட் அஸ்' வெளிவந்திருந்தது. அவர் போன பிறகுதான் ரசிகர்களில் பலருக்கு நோயின் விவரமே தெரிந்தது. தெரிந்த பிறகு அந்த ஆல்பத்தின் ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தத்தில் கேட்கிறது. சாவைப் பற்றிய வரிகள் உவமை என்று நினைத்திருந்தோம். அவர் நேராகத்தான் எழுதியிருந்தார்.

அதன் பிறகு?

2017-ல் 'டூம்ஸ்டே' என்ற ஒற்றைப் பாடல். 2018-ல் 'ஹோலி ஹெல்', துக்கத்தை வைத்துக்கொண்டே எழுதிய ஆல்பம். சைலோசிஸ் குழுவின் ஜோஷ் மிடில்டன் கிதாருக்கு வந்தார், 2023-ல் விலகினார். பாடல் வரிகளின் பொறுப்பு டானிடம் வந்தது.

2021-ல் 'ஃபார் தோஸ் தட் விஷ் டு எக்ஸிஸ்ட்'. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வாத்தியக் குழு, பெரிய பல்லவிகள், அரங்கத்துக்கான இசை. அதில் வந்த 'அனிமல்ஸ்' பாட்டின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை, ஒரு குழந்தைகூட முணுமுணுக்கலாம், அவ்வளவு எளிமை. 2022-ல் 'தி கிளாசிக் சிம்ப்டம்ஸ் ஆஃப் எ புரோக்கன் ஸ்பிரிட்' இன்னும் எலக்ட்ரானிக் பக்கம் போனது. பழைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்குப் பதிலாக வந்தது 2023 டிசம்பரில் வெளியான 'சீயிங் ரெட்'. நாங்கள் கோபத்தில் இருக்கும்போது மட்டும்தானே உங்களுக்குப் பிடிக்கிறது என்று ரசிகர்களைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. இந்த ஆல்பத்தின் விதை அதுதான்.

சரி, ஆல்பம் எப்படி இருக்கிறது?

கேட்க நன்றாக இருக்கிறது. இதைத் தயங்காமல் சொல்வேன். முதல் பாட்டான 'எலெஜி' மெதுவாக ஆரம்பித்து வெடிக்கும்போது, எவ்வளவோ நாள் கழித்து அந்தப் பழைய வேகம் முதுகுத்தண்டில் ஏறுகிறது. 'விப்லாஷ்', 'பிளாக்ஹோல்' இரண்டும் மேடையில் பெரிய கூட்டத்தை அசைக்கும். சாம் கார்ட்டரின் குரல் இவ்வளவு வருடம் கழித்தும் தேயவில்லை. டானின் டிரம்ஸ் எப்போதும் போலத் துல்லியம். 'பிரெயின் டெட்' பாட்டில் ஹவுஸ் ஆஃப் புரொடெக்‌ஷன் என்ற இருவர் குழு சேர்ந்திருக்கிறது. அங்கே மட்டும் ஆல்பம் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. பங்க்கின் அவசரம், கொஞ்சம் ஒழுங்கின்மை. எனக்கு மிகவும் பிடித்தது அது.

குறை எங்கே என்றால், மூன்றாவது முறை கேட்டபோது ஒன்றைக் கவனித்தேன். அநேகமாக ஒவ்வொரு பாட்டிலும், முதல் நிமிடம் முடிவதற்குள் மிச்ச நிமிடங்கள் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடுகிறது. எந்த இடத்தில் பல்லவி விரியும், எந்த இடத்தில் இசை அடங்கும், எந்த இடத்தில் ஒரு வாக்கியத்தைக் கத்திவிட்டு இடி விழும் என்று நான் முன்கூட்டியே சொல்கிறேன். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. 'எவ்ரிதிங் எண்ட்ஸ்' போன்ற மென்மையான பாட்டிலும் அப்படித்தான், கனமான பாட்டிலும் அப்படித்தான்.

பல்லவிகள் இப்போது பெரும்பாலும் சுத்தமான பாட்டு. 2014-ல் திறந்த கதவு மெல்ல மூடிக்கொண்டது.

'பிளே' என்ற அந்தக் கத்தலுக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

ரிஃப் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் சாம் கார்ட்டர் வாந்தி எடுப்பது போல ஒரு சத்தம் போடுவார். அதுதான் இது. அவரால் அது பிரபலமாகி, நூறு குழுக்கள் எடுத்துக்கொண்டன. நடுவில் சில வருடம் அவரே அதை அதிகம் தொடவில்லை. 'சீயிங் ரெட்' பாட்டில் திரும்ப வந்தபோது ரசிகர்கள் குதித்தார்கள், நானும் சிரித்தேன், சந்தோஷப்பட்டேன்.

ஆனால் முன்பு அது தானாக வந்த சத்தம். இப்போது காத்திருந்து வாங்கும் சத்தம். எந்தக் கலையிலும் இந்த மாற்றம் நடக்கும் நாளைக் கவனிக்க வேண்டும்.

தேக்கம் என்கிறீர்களே, துல்லியமாக எதில் தேக்கம்?

ஒலியில் இல்லை. ஒலி ஒவ்வொரு வருடமும் மாறுகிறது. இன்று மெட்டல்கோரில் எலக்ட்ரானிக் இருக்கிறது, ஆர் அண்ட் பி இருக்கிறது, டிரம் அண்ட் பேஸ் இருக்கிறது, ராப் கலந்த தொண்ணூறுகளின் நு மெட்டல் இருக்கிறது. தேக்கம் இருப்பது பாட்டின் அமைப்பில்.

இப்போதைய ஒரு பாட்டை நினைத்துப் பாருங்கள். முதல் சில வினாடி ஓர் எலக்ட்ரானிக் ஒலி, துண்டு துண்டாக வெட்டிய ஒரு குரல். அப்புறம் ரிஃப், கூடவே ஒரு கத்தல். உடனே சத்தம் குறைந்து சரணம். பல்லவியில் எல்லாம் விரிந்து, அரங்கமே சேர்ந்து பாடுகிற மாதிரி ஒரு மெட்டு. இரண்டாவது சரணம் கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு. மறுபடி பல்லவி. எல்லாம் அடங்கி ஒரு கிசுகிசுப்பு. டிரம்ஸ் நின்று, ஒரே ஒரு வாக்கியம் தனியாகக் கத்தப்படும். பிரேக்டவுன். கடைசியாகப் பல்லவி இன்னொரு முறை. மூன்றரை, நாலு நிமிடத்தில் பாட்டு முடிந்தது.

இந்த அமைப்பு கெட்டது என்று சொல்லவில்லை. இதில் அருமையான பாடல்கள் இருக்கின்றன. என் வருத்தம் எல்லாம், பாட்டு எதைப் பற்றியது என்று முடிவாவதற்கு முன்பே இந்த அமைப்பு முடிவாகிவிடுகிறது என்பதுதான். காதல் முறிந்ததா? இதே பாதை. உலகம் எரிகிறதா? இதே பாதை. அப்பா இறந்துவிட்டாரா? அதற்கும் இதே பாதை, அதே இடத்தில் அதே இடி. வார்ப்பு முன்பே தயார், உலோகத்தை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள்.

கன்வெர்ஜ் குழு 2001-ல் வெளியிட்ட 'ஜேன் டோ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆல்பமும் ஓர் உறவு முறிந்ததைப் பற்றியது. முதல் பாட்டு 'கான்கியூபைன்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை. வார்த்தையே புரியாது. ஒரு மனிதர் சுவரில் முட்டிக்கொள்வது போல இருக்கும். கடைசிப் பாட்டு 'ஜேன் டோ' 11 நிமிடத்துக்கு மேல் மெதுவாக மூழ்கும். கோபத்துக்கு ஒரு நீளம் வேண்டியிருந்தது, வெறுமைக்கு வேறு நீளம் வேண்டியிருந்தது. யாரோ அதைக் கேட்டு, அதற்கு இடம் கொடுத்தார்கள்.

டாமும் அப்படித்தான் செய்தார். அவர் இருந்தபோது வந்த கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'மெமென்டோ மோரி' சுமார் 8 நிமிடம். சாவை எதிரே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, அதைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. அதை நாலு நிமிடத்தில் அடைத்திருந்தால் அந்தப் பாட்டே இல்லை.

எல்லா ஆல்பமும் ஒரே மாதிரி ஒலிப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமா?

ஓரளவுக்கு. முன்பு ஓர் ஆம்ப்ளிஃபயர், ஓர் அறை, ஒரு மைக் என்று ஒவ்வொரு குழுவுக்கும் தனி விபத்துகள் இருந்தன. இப்போது கிதார் நேராகக் கணினிக்குள் போகிறது. ஃப்ராக்டல், நியூரல் டிஎஸ்பி போன்ற நிறுவனங்களின் டிஜிட்டல் ஆம்ப் கருவிகளையும் மென்பொருள்களையும் பலரும் பயன்படுத்துகிறார்கள். பெரிஃபெரி குழுவில் பேஸ் வாசித்த ஆடம் கெட்குட் தொடர்புடைய நிறுவனம் டிரம் சாம்பிள்கள், அதாவது முன்பே பதிவு செய்த டிரம் ஒலிகள், விற்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒவ்வொரு அடியும் கணினித் திரையின் தாளக் கட்டத்தில் பொருத்தி நேராக்கப்படுகிறது.

இதில் நல்லதும் இருக்கிறது. காசில்லாத ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்து, பெரிய ஸ்டுடியோவுக்கு நிகரான ஒலியை உருவாக்க முடிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மசாலாப் பொட்டலம் ஒன்றாக இருந்தால் எல்லா வீட்டுக் குழம்பும் ஒரே வாசனையில்தான் இருக்கும். மாசசூசெட்ஸின் சேலம் நகரில் கன்வெர்ஜின் கிதார் கலைஞர் கர்ட் பலூ நடத்தும் காட்சிட்டி ஸ்டுடியோவிலிருந்து வரும் ஆல்பங்களைக் கேட்டால் வேறுபாடு தெரியும். அங்கே ஓர் அறை இருக்கிறது என்பது காதுக்குக் கேட்கும்.

அப்படியானால் ஜோர்டன் ஃபிஷ்தான் குற்றவாளியா?

இல்லை. அவர் திறமைசாலி. 2013-ல் பிரிங் மீ தி ஹொரைசனின் 'செம்பிடர்னல்' வந்தபோது, அவர் கொண்டுவந்த கீபோர்டும் அடுக்கடுக்கான குரல்களும் உண்மையான புதுமை. அதற்கு முன்னால் அந்தக் குழு இருந்த இடத்தையும் பின்னால் போன இடத்தையும் பார்த்தால் அவர் பங்கு தெரியும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் புதுமை இன்று இந்த இசையின் பொது மொழியாகிவிட்டது. 2024 நவம்பரில் பாடகி பாப்பி வெளியிட்ட 'நெகட்டிவ் ஸ்பேசஸ்' ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவர்தான். மூன்றே மாதத்தில் ஆர்க்கிடெக்ட்ஸ் வருகிறது. இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வாழ்க்கை. ஆனால் பல்லவி விரியும் விதத்தில் ஒரே கையெழுத்து. பிரிட்டனில் தனித்து நின்ற ஒரு குழு, பக்கத்து வீட்டுக் குழுவின் வெற்றிச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வலிக்கிறது.

ஸ்ட்ரீமிங் காரணமா?

அதுவும் ஒரு காரணம். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதனால் முதல் 30 வினாடிக்குள் கையில் இருப்பதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லா இசையிலும் இருக்கிறது. கூடவே, பாடல்களை ஒவ்வொன்றாக வெளியிடும் வழக்கம். 'சீயிங் ரெட்' வந்து கிட்டத்தட்ட 15 மாதம் கழித்துத்தான் ஆல்பம் வந்தது. ஒவ்வொரு பாட்டும் தனியாக நின்று சண்டை போட வேண்டியிருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பல்லவி, ஒரு பிரேக்டவுன் தேவைப்படுகிறது. ஓர் ஆல்பத்தில் சும்மா மூச்சு வாங்கும் பாட்டுக்கு இடம் இல்லாமல் போகிறது.

பழைய கனமான இசைக்குத் திரும்புவதே தீர்வு என்கிறார்களே?

அப்படித்தான் பலர் கேட்டார்கள், ஆர்க்கிடெக்ட்ஸ் கொடுத்தார்கள். கனம் திரும்பி வந்தது. அதனால்தான் இந்த ஆல்பம் எனக்கு இவ்வளவு தெளிவைக் கொடுத்தது. கேட்டது கிடைத்த பிறகும் ஏதோ குறைகிறது என்றால், குறைந்தது கனம் இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாத அந்தப் பதற்றம்தான் போய்விட்டது.

எல்லா மரபிசையும் ஒரே அமைப்பைத்தானே திரும்பத் திரும்பப் பாடுகிறது? அதைத் தேக்கம் என்பீர்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு நாளானது. பிளூஸ் இசையில் 12 பார், அதாவது 12 தாளச் சுற்று, கொண்ட அமைப்பு நூறு வருடமாக மாறவில்லை. யாரும் அதைத் தேக்கம் என்பதில்லை. ஏனென்றால் அங்கே அமைப்பு ஒரு திண்ணை மாதிரி. எல்லோருக்கும் பொது. அதில் உட்கார்ந்து யார் எப்படிப் பேசுகிறார் என்பதுதான் விஷயம். ஒரே பாட்டை இருவர் பாடினால் இரண்டு மனிதர்கள் தெரிவார்கள். இன்றைக்கு ஒருவிதம், நாளைக்கு ஒருவிதம் பாடுவார்கள்.

இன்றைய மெட்டல்கோரில் அமைப்பும் மாறவில்லை, வாசிப்பிலும் மனிதர் தெரிவதில்லை. கட்டத்தில் பொருத்திய அடி, திருத்திய குரல், மேடையில் பின்னணிப் பதிவோடு இம்மி பிசகாமல் வாசிப்பது. இரண்டில் ஏதாவது ஒன்றாவது அசைய வேண்டும். இரண்டும் உறைந்தால் கேட்பவருக்கு எதில் கை வைத்துப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது.

யாராவது வேறு மாதிரி செய்கிறார்களா?

செய்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்த நாக்ட் லூஸ். 2024 மே மாதம் அவர்கள் வெளியிட்ட 'யூ வோன்ட் கோ பிஃபோர் யூ ஆர் சப்போஸ்ட் டு' ஆல்பத்தில் 10 பாடல்கள், மொத்தமே 27 நிமிடம்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் பாட்டு நின்றுவிடுகிறது. மெட்டுப் பாடும் பல்லவியைப் பிடிவாதமாக ஒதுக்குகிறார்கள். பாப்பியோடு சேர்ந்து செய்த 'சஃபோகேட்' பாட்டின் பிற்பகுதியில் திடீரென்று ரெக்கேட்டோன் என்ற லத்தீன் அமெரிக்க நடன இசையின் தாளம் வந்து பிரேக்டவுனாக மாறும். முதல் முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். பொது ரசனைக்கு வளைந்து கொடுக்காமலே அந்தப் பாட்டு கிராமி பரிந்துரை வரை போனது, ஜிம்மி கிம்மல் நிகழ்ச்சியில் தொலைக்காட்சியிலும் வந்தது. வளைந்தால்தான் வளரலாம் என்பவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

கனடாவின் ஸ்பிரிட்பாக்ஸ் பற்றியும் கேட்பார்கள். ஆர்க்கிடெக்ட்ஸ் ஆல்பத்துக்கு ஒரு வாரம் கழித்து, 2025 மார்ச் 7-ல் 'சுனாமி சீ' வந்தது. கோர்ட்னி லபிளாண்ட்டின் குரல் இன்று இந்த இசையில் உள்ள பெரிய கொடைகளில் ஒன்று. பாட்டின் அமைப்பு என்று பார்த்தால் அவர்களும் பெரும்பாலும் அதே தெருவில்தான் நடக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலில் மனிதர் தெரிகிறார். நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

டாம் இல்லாததால்தான் இப்படி என்று சொல்வது நியாயமா?

நியாயம் இல்லை. கூடப் பிறந்தவரை, கூட வளர்ந்தவரை 28 வயதில் இழந்த பிறகும் இவர்கள் குழுவைக் கலைக்கவில்லை. வேறு வேறு வழியில் போய்ப் பார்த்தார்கள். 2021-ல் எடுத்த திருப்பம் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், அதில் ஒரு தைரியம் இருந்தது. வாழ்நாள் முழுக்க டாம் மாதிரியே எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்பது கொடுமை. டானுக்கு அவருடைய வாழ்க்கையும் இருக்கிறது.

என் ஆதங்கம் மற்றவர்களிடம். டாமின் ரிஃப்பை எடுத்துக்கொண்ட நூறு குழுக்கள், அவர் ஏன் அந்த நிசப்தத்தை அங்கே வைத்தார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. கிடைத்தது பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டார்கள். இப்போது மூலக் குழுவே அந்த நூறு பேர் நடுவில் ஒருவராக ஒலிக்கிறது. அது அவர்கள் செய்த தப்பு இல்லை.

பழசை நினைத்து ஏங்குவதுதானே இது? வயதாகிவிட்டது என்பதற்கு வேறு பெயரா?

நாக்ட் லூஸ் 2024-ல் வந்தது. அது எனக்குப் பழசு இல்லை.

புதிதாகக் கேட்பவர் எங்கே ஆரம்பிக்கலாம்?

'லாஸ்ட் ஃபாரெவர், லாஸ்ட் டுகெதர்'. அப்புறம் 'ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டன்ட் அஸ்', முடிந்தால் இரவில், இடையில் நிறுத்தாமல். அதற்குப் பிறகு 'ஜேன் டோ'. முதல் தடவை பிடிக்காமல் போகலாம், ஒரு வாரம் விட்டுத் திரும்ப வாருங்கள். கில்ஸ்விட்ச் என்கேஜின் 2002 ஆல்பத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்றைய வார்ப்பு, வார்ப்பாக ஆவதற்கு முன்னால் எவ்வளவு உயிரோடு இருந்தது என்று அதில் கேட்கலாம். நாக்ட் லூஸ் கடைசியில். ஹெட்ஃபோன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், காது முக்கியம்.

புதிய ஆல்பத்தைக் கேட்கலாமா, வேண்டாமா?

கேளுங்கள். 'எலெஜி', 'பிரெயின் டெட்', 'சீயிங் ரெட்' மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். மேடையில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் போங்கள். நான் போவேன்.

ஆர்க்கிடெக்ட்ஸின் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

'டூம்ஸ்டே'. டாம் எழுத ஆரம்பித்து முடிக்காமல் விட்டுப்போன பாட்டு. மற்றவர்கள் அதை எடுத்து முடித்தார்கள். எங்கே அவர் விட்டார், எங்கே இவர்கள் தொடர்ந்தார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.